பெயின்ட் வாளி, அரிசிச் சாக்கு, பால் கவர்: மாடித்தோட்டத்தில் எது தாங்கும், எது தாங்காது?

#1 நாற்றங்கால்

வணக்கம். ஆடிப்பட்டத்துக்கு மாடியில் காய்கறி போடத் திட்டம். தொட்டி, குரோ பேக் எதுவும் காசு கொடுத்து வாங்குவதாக இல்லை. கையில் இருப்பவை: 20 லிட்டர் பெயின்ட் வாளி 9, அரிசிச் சாக்கு ஒரு கட்டு, விரிசல் விட்ட 20 லிட்டர் தண்ணீர் கேன் 2, மீன் வந்த தெர்மாகோல் பெட்டி 3, கழுவி மடித்த பால் கவர் நிறைய, போன பருவத்தில் தக்காளி நின்ற செம்மண் கலவை 4 மூட்டை. கான்கிரீட் கூரை, மேலே தட்டோடு பதித்தது.

எதை எதற்குப் பயன்படுத்தலாம்? எதைக் காயலான் கடைக்கே அனுப்பிவிடலாம்? பழைய மண்ணை அப்படியே போடலாமா?

#2 தட்டோடு

வாளியைத் தொடுவதற்கு முன் எடைக் கணக்கு. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி (ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதி) வைத்திருக்கும் மேல்சுமை (கூரையின் சொந்த எடை போக மேலே ஏற்றக்கூடியது) சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன். தோராயமாக 150 கிலோ.

20 லிட்டர் வாளியில் 18 லிட்டர் கலவை பிடிக்கும். செம்மண் கலவை நனைந்தால் லிட்டருக்கு 1.6 கிலோ வரும், அதாவது வாளிக்கு 29 கிலோ. நெருக்கி வைத்தால் சதுர மீட்டருக்கு 9 வாளி நிற்கும். 260 கிலோ! தென்னை நார்க்கழிவும் மட்கு உரமும் பாதிக்குப் பாதி கலந்தால் ஈரத்தோடு லிட்டர் 0.8 கிலோதான். அதே 9 வாளி 130 கிலோவில் அடங்கும்.

ஆக உங்கள் 4 மூட்டை மண்ணைத் தனியாகப் போடாதீர்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள், அப்போதும் வாளிகளை நெருக்கி வைக்காதீர்கள். கனமானவற்றைக் கூரை நடுவில் வைக்காமல் கீழே சுவரோ உத்திரமோ ஓடும் ஓரமாக வரிசை பிடியுங்கள். பழைய வீடு, கம்பி துருப்பிடித்து சிமென்ட் உதிர்கிறது என்றால் எந்தக் கணக்கும் செல்லாது. ஆளை வரவழைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாளியை ஏற்ற வேண்டும்.

#3 சல்லடை

வாளி விஷயம். முதலில் அதில் என்ன பெயின்ட் இருந்தது என்று பாருங்க. தண்ணீரில் கரையும் எமல்ஷன், டிஸ்டெம்பர் என்றால் சிக்கல் இல்லை. கழுவக் கூடாது, மூடியைத் திறந்து வெயிலில் 4 நாள் வைக்கணும். ஒட்டியிருக்கும் படலம் தோல் மாதிரி உரிந்து வரும், குப்பையில் போடலாம். ஈரமாகக் கழுவினால் அவ்வளவும் சாக்கடைக்குத்தான் போகும். எனாமல், வார்னிஷ், தின்னர் வாளி என்றால் சாப்பிடும் செடிக்கு வேண்டாம்.

வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வாளி, என்ன இருந்தது என்றே தெரியாத வாளி என்றால் செம்பருத்தி, நந்தியாவட்டையோடு நிறுத்திக்கோங்க.

துளை போடும்போதுதான் முக்கால்வாசிப் பேர் தப்பு பண்றாங்க. பெயின்ட் வாளியின் அடியைத் திருப்பிப் பாருங்க: சுற்றிலும் ஒரு வளையம் இருக்கும், அடித்தட்டு அதைவிடச் சற்று மேலே இருக்கும். அடியில் எத்தனை துளை போட்டாலும், சமதளத் தரையில் வைத்ததும் அந்த வளையம் தரையோடு ஒட்டி நீரை உள்ளேயே அடைத்துவிடும். வளையத்தில் நாலு இடத்தில் ரம்பத்தால் காடி வெட்டுங்க, இல்லாவிட்டால் வாளியை இரண்டு செங்கல் துண்டு மேல் ஏற்றிவைங்க. செங்கல் வைப்பது தட்டோட்டுக்கும் நல்லது, இல்லையென்றால் துளை வழியா வரும் வேர் ஓட்டு இடுக்கில் இறங்கும்.

8 முதல் 10 மி.மீ. துளை அடியில் 5 போதும். டிரில்லை மெதுவாக ஓட்டணும், பின்னால் ஒரு மரக்கட்டை பிடிச்சுக்கணும். பழைய வாளி வேகத்தில் விரிசல் விடும். கம்பியைக் காய்ச்சிக் குத்துவதென்றால் வெட்டவெளியில் செய்யுங்க, அந்தப் புகை நல்லதில்லை.

வெள்ளை வாளி வெயிலில் இரண்டு, மூணு கோடையில் நொறுங்க ஆரம்பிக்கும். வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்தாலோ பழைய துணி சுற்றினாலோ ஆயுள் கூடும், வேரும் வேகாது.

#4 வேலியோரம்

சல்லடை அண்ணா, அடியில் ரெண்டு அங்குலம் ஜல்லியோ ஓட்டாஞ்சில்லோ போட்டால் வடிகால் பிரச்சினையே வராதே? வீட்டில் உடைந்த ஓடும் செங்கல்லும் கிடக்கு, அதுக்கும் ஒரு வழி ஆச்சு. காலங்காலமா அப்படித்தானே செய்றாங்க.

#5 சல்லடை

காலங்காலமாச் செய்வது உண்மைதான். ஆனால் வடிகால் கூடுவதில்லை. பொடியான மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குள் நீர் தானாக இறங்காது. மேலே இருக்கும் மண் முழுக்க ஊறி, இனிமேல் பிடிக்க முடியாது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் சொட்டும். ஆக, வாளியின் அடியில் இருக்க வேண்டிய சதசதப்பு ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். 30 செ.மீ. ஆழத்தில் 5 செ.மீ. மண்ணும் போச்சு, எடையும் ஏறியாச்சு.

பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கைவாட்டில் பிடிங்க, சொட்டி நின்றதும் செங்குத்தாகத் திருப்புங்க. மறுபடி சொட்டும். உயரம் கூடினால் வடியும், குறைந்தால் தேங்கும், அவ்வளவுதான் கணக்கு.

துளை மேல் ஒரு ஓட்டாஞ்சில்லு கவிழ்த்து வைப்பது மண் ஒழுகாமல் இருக்க, அது சரி. கொசுவலைத் துண்டு அதைவிட நல்லது. உடைந்த ஓட்டை வாளிக்கு அடியில் முட்டுக் கொடுங்க.

#6 தாளடி

மிச்சப் பொருட்களுக்கு என் கருத்து.

அரிசிச் சாக்கு: செடி வைக்க வேண்டாம். நெய்த பிளாஸ்டிக் அது, வெயில் தாங்கும் பூச்சு கிடையாது. ஒரே கோடையில் பொடிப்பொடியாக உதிரும். உதிர்ந்த இழையை மண்ணிலிருந்து பொறுக்கவே முடியாது, அந்த மண் எங்கே போனாலும் கூடவே போகும். காசு மிச்சம் என்று இதில் செடி வைக்கச் சொல்பவர்கள் இரண்டாம் வருஷப் படத்தைக் காட்டுவதில்லை. நிழலில் சருகு சேமிக்க இதைவிட நல்ல பை இல்லை, காற்றும் புகும். அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கேன்: முக்கோணத்துக்குள் 7 என்று இருந்தால் பெரும்பாலும் பாலிகார்பனேட். கத்தியால் வெட்டினால் தாறுமாறாகப் பிளக்கும். ஹேக்ஸா பிளேடால் படுக்கைவாட்டில் இரண்டாக அறுத்தால் இரண்டு கீரைத் தொட்டி. கீரைக்கு 15 செ.மீ. ஆழம் போதும். அறுத்த விளிம்பு கையைக் கிழிக்கும், பழைய ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறி மாட்டிவிடுங்கள். உள்ளே வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும், வேரும் ஒதுங்கும், அதனால் வெளியே ஏதாவது அடர்நிறம் பூசுங்கள். (டெபாசிட் கொடுத்து வாங்கிய கேன் என்றால் கடைக்காரருடையது. அறுப்பதற்கு முன் ஞாபகம் வரட்டும்.)

தெர்மாகோல் பெட்டி: சூடு ஏறாது, எடை இல்லை, ஆனால் தூக்கி இடம் மாற்றினால் உடையும், காக்கை கொத்தினால் வெள்ளை உருண்டை தெரு முழுக்கப் பறக்கும். மூடியோடு இருந்தால் வெயில் படாத இடத்தில் நாற்றுத் தட்டு வைக்கப் பயன்படுத்தலாம். எரிக்க மட்டும் எரிக்காதீர்கள்.

பூச்சிமருந்து வந்த கேன் எத்தனை முறை கழுவினாலும் எதற்கும் ஆகாது. மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி ஓட்டை போட்டுவிட வேண்டும்.

#7 கொட்டாங்குச்சி

பால் கவர் பற்றி யாருமே சொல்லலையே. நாற்றுக்கு அதைவிட வசதியானது கிடையாது. அரை லிட்டர் கவரில் 400 மி.லி. கலவை பிடிக்கும். மேல் விளிம்பை முழுசா வெட்டி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஒரு சொட்டு பாத்திர சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவணும். கொழுப்பு மிச்சம் இருந்தால் எறும்பும் எலியும் தேடிவரும். அடி மூலை இரண்டையும் சின்னதாகக் கத்தரித்து, பக்கத்தில் ரெண்டு குத்து. விதை ரெண்டு போட்டு, வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடணும். தக்காளி, கத்தரி 25 முதல் 30 நாளில் நடவுக்கு வந்துவிடும், மிளகாய் இன்னும் பத்து நாள் கேட்கும்.

நடும்போது கவரைக் கிழிக்காதீங்க. லேசாகக் கசக்கிக் கவிழ்த்தால் வேர்க்கட்டியோடு வரும், கவர் அடுத்த முறைக்கும் ஆகும். மூணு முறைக்கு மேல் கிழிசல் விட்டால் கழுவிக் காயவைத்துப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் போடலாம், மண் ஒட்டியிருந்தால் வாங்க மாட்டார். பால் ஊற்ற மூலையை வெட்டும்போது அந்தத் துணுக்கைத் தனியே விழவிடாமல் ஒட்டினாற்போல் விடுங்க. கவர் மறுசுழற்சிக்குப் போகும், துணுக்கு எங்கேயும் போகாது.

முட்டை அட்டையில் விதை போடுவது படத்துக்குத்தான் அழகு. நம்ம வெயிலில் அட்டை நீரை உறிஞ்சி ரெண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், முளை கருகும். அட்டையைக் கிழித்து மட்குத் தொட்டியில் போடுங்க.

#8 நாற்றங்கால்

எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் மட்கு உரம்தான் அதிகம் தேவைப்படும் போல. 9 வாளியில் 3-ஐ அதற்கு ஒதுக்கினால் போதுமா? நாளைக்கு 1 கிலோ சமையலறைக் கழிவு விழும். ஏற்கெனவே முயன்ற பக்கத்து வீட்டு மாடியில் நாற்றமும் புழுவும். அதுதான் பயம்.

#9 மண்புழு மாமா

மூணு வாளி சரியான எண்ணிக்கை. ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும், இரண்டு முற்றிக்கொண்டிருக்கும். கழிவு அமுங்கிக்கொண்டே போவதால் 20 லிட்டர் வாளி நிரம்ப 3, 4 வாரம் ஆகும். நிரம்பிய பின் 45 முதல் 60 நாள் காத்திருக்கணும்.

பக்கவாட்டில் 10 செ.மீ.க்கு ஒன்றாக 6 மி.மீ. துளை, அடியில் அஞ்சாறு. கீழே ஒரு பழைய தட்டு. அடியில் நாலு விரல் உயரம் சருகு அல்லது உரித்த தேங்காய் நார். இங்கே ஜல்லி மாதிரி இல்லை, காற்றுக்காக.

நாற்றத்துக்கு ஒரே மருந்து காய்ந்த பொருள். காய்ந்ததில் அதிகம் இருக்கும் கார்பனும் ஈரக் கழிவில் அதிகம் இருக்கும் நைட்ரஜனும் 25 அல்லது 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் நுண்ணுயிர் ஒழுங்காக வேலை செய்யும். வீட்டுக் கணக்கில், ஒரு கிண்ணம் ஈரக் கழிவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு. சருகு கிடைக்காத நாளில் நார்க்கழிவு, கிழித்த முட்டை அட்டை, மை கம்மியான செய்தித்தாள். வழவழப்பான வண்ணத்தாள் வேண்டாம். மரத்தூள் போட்டால் கொஞ்சமாக, அதில் கார்பன் மிக அதிகம். பிளைவுட் அறுத்த தூள் கூடவே கூடாது, பசை இருக்கும்.

தொடக்கத்துக்குப் பாக்கெட்டில் விற்கும் பொடி தேவையில்லை. பழைய மட்கு ரெண்டு கைப்பிடி, இல்லாவிட்டால் புளித்த மோர் ஒரு டம்ளர்.

மூணு நாளுக்கு ஒருமுறை கிளறணும். கிளறும்போது ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்க. விரல் இடுக்கில் ரெண்டு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

இனி கோளாறுகள். மூக்கைத் துளைக்கும் நவச்சார நெடி வந்தால் பச்சைக் கழிவு கூடிவிட்டது, சருகு போடு. அழுகிய முட்டை வாடை என்றால் காற்றில்லை, முழுசாக வெளியே கொட்டிக் கிளறி, சருகு கலந்து திரும்பப் போடு. எறும்பு வந்தால் உலர்ந்துவிட்டது. வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் ஒன்றுமில்லை, வேலை நடக்குது. புழுவில் ரெண்டு வகை: தட்டையாக, பழுப்பாக, தடித்த தோலோடு பெரிசா நெளிவது கறுப்பு ஈயின் புழு, அது நண்பன், கழிவை வேகமாகத் தின்றுவிடும். வெள்ளையாக, ஒருபக்கம் கூராக, சின்னதாக இருந்தால் வீட்டு ஈ. மேலே சருகு மூடாமல் விட்டதன் பலன் அது. ஒவ்வொரு முறையும் இரண்டு விரல் கனம் சருகு மூடினால் அதற்கு வழியில்லை.

மீன் முள், இறைச்சி, எண்ணெய்ச் சோறு இந்த அளவு வாளியில் வேண்டாம். பெரிய குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேறும், அதைச் சமாளிக்கும். 20 லிட்டர் வாளியில் அந்தச் சூடு நிற்பதில்லை. இதே காரணத்தால் நோய் பிடித்த செடி, விதை முற்றிய களை எதையும் போடாதீங்க. தக்காளி விதையெல்லாம் பிழைத்து எல்லா வாளியிலும் முளைக்கும்.

தட்டில் இறங்கும் பழுப்பு நீரை அமிர்தம் மாதிரி பேசுறாங்க. காற்றில்லாமல் ஊறிய நீர் அது. வாளி உலர்ந்திருந்தால் அதிலேயே திரும்ப ஊற்றலாம், செடிக்கு என்றால் பத்து மடங்கு தண்ணீர் கலந்து மண்ணில் மட்டும். கீரை இலை மேல் தெளிக்காதீங்க.

முற்றியதா என்று பார்க்க: வெந்தயம் 10 விதையை மட்கு, மண் பாதிப்பாதியில் போடுங்க, இன்னொரு 10-ஐ வெறும் மண்ணில். மட்கில் முளைத்தது அங்கே முளைத்ததைவிடத் தெளிவாகக் குறைந்தால் இன்னும் மூணு வாரம் மூடிவைங்க. அரைகுறை மட்கு செடிக்குப் போக வேண்டிய நைட்ரஜனைத் தானே எடுத்துக்கும், இலை மஞ்சளாகும்.

#10 வேலியோரம்

முட்டை ஓடு? தக்காளி அடி கறுத்துப் போவதற்கு அரைத்துப் போடச் சொல்றாங்க. வாழைப்பழத்தோல் ஊறவைத்த தண்ணீர், டீத்தூள், சாம்பல் இதெல்லாமும் சேர்த்துச் சொல்லிடுங்க.

#11 தாளடி

முட்டை ஓடு கிட்டத்தட்ட சுண்ணாம்புக் கல்தான், கால்சியம் கார்பனேட். அமில மண்ணில்தான் ஓரளவு கரையும். நம் போர்வெல் தண்ணீர் ஏற்கெனவே காரம், கெட்டிலில் படியும் வெள்ளைப் பொருக்கே அதற்குச் சாட்சி. ஓடு அப்படியே கிடக்கும். தக்காளியின் அடி கறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் கால்சியம் இல்லாதது அல்ல, ஒரு நாள் வாட விட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவது. கால்சியம் நீரோடு சேர்ந்துதான் காய்க்குப் போகும். ஒரே அளவாக நீர் விட்டு, மேலே சருகு மூடுங்கள், பாதி நோய் போய்விடும்.

சாம்பலும் காரம், இங்கே தேவையில்லை. டீத்தூளில் பாலும் சர்க்கரையும் போக அலசி, மட்கு வாளியில் போடலாம். வாழைத்தோல் தண்ணீர் ஈயை வளர்க்கும், தோலை நறுக்கி மட்கில் போட்டால் அதே பொட்டாசியம் சத்தமில்லாமல் வந்துசேரும்.

#12 சல்லடை

பழைய தக்காளி மண். மூட்டையைக் கொட்டி, அரை அங்குலக் கண் சல்லடையில் சலிங்க, வேரை எல்லாம் எடுத்துப் பாருங்க. வேரில் பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு இருந்தால் நூற்புழு, வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு. அடுத்து கத்தரி, மிளகாய், வெண்டை போட்டாலும் பிடிக்கும்.

கத்திரி வெயில் இதற்கென்றே வருது. மண்ணைப் பிழிந்தால் கட்டியாகும் அளவு நனைத்து, மாடி ஓரமாக மெல்லிசாகப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, ஓரமெல்லாம் செங்கல் வைத்துக் காற்றுப் போகாமல் அடைக்கணும். 4 முதல் 6 வாரம். தாள் கண்ணாடி மாதிரி தெரியும் தாளாக இருக்கணும், கறுப்பு வேண்டாம். கறுப்புத் தாள் தான் சூடாகும், மண் அவ்வளவு சூடாகாது. மெத்தை, பீரோ வந்த கவர் கிழியாமல் இருந்தால் அதுவே போதும். காய்ந்த மண்ணை மூடினால் பலன் பாதிதான், ஈரம்தான் சூட்டை உள்ளே கடத்துது.

நல்ல நுண்ணுயிரும் சாகும். அதனால் மட்கு உரம் மூடுவதற்கு முன் இல்லை, எடுத்த பிறகு. வாளிக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, ஈரமாக வைத்து 15 நாள் கழித்து நடுங்க. பிண்ணாக்கு போட்ட மறுநாளே நட்டால் சூட்டில் வேர் வேகும்.

#13 தட்டோடு

தண்ணீரையும் சேர்த்துவிடுகிறேன். ஆர்.ஓ. குடிநீர் வடிகட்டியின் கழிவு நீரை அப்படியே செடிக்கு விடும் பழக்கம் பல மாடிகளில் இருக்கிறது. 800 டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்பின் அளவு) உள்ள தண்ணீர் 3 லிட்டர் போய் 1 லிட்டர் குடிநீர் வந்தால், மீதி 2 லிட்டரில் அளவு 1,150-ஐ ஒட்டி ஏறிவிடும். தரையில் மழை அடித்துப் போகும், வாளியில் உப்பு அங்கேயே தங்கும். இலை நுனி கருகுவதும் மண்மேல் வெள்ளைப் பொருக்கும் அடையாளம்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பே இல்லை. இரண்டையும் சம அளவு கலந்தால் உப்பு பாதியாகும், செடிக்கு ஆகும். அதை இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்ற மட்டும் வேண்டாம், காயிலின் உலோகமும் தூசும் அதில் வரும்.

பொருக்கு வந்த வாளிக்கு அதன் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். ஐப்பசி மழை இலவசமாகவே செய்யும். வடிதட்டுகளை அந்த மாதங்களில் எடுத்துவிடுங்கள்: டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள் போதும். எடுக்க முடியாத தட்டில் மணல் நிரப்புங்கள். அழகு என்று பழைய டயரில் செடி வைப்பதும் இதே காரணத்துக்காக வேண்டாம், உள்மடிப்பில் நிற்கும் நீரைக் கவிழ்க்கவே முடியாது.

#14 நாற்றங்கால்

குறித்துக்கொண்டேன். 3 வாளி மட்குக்கு, 6 வாளி செடிக்கு, சாக்கு சருகுக்கு, கேன் கீரைக்கு, மண் வெயிலுக்கு. 6 வாளியில் 2-இல் புடலை, பாகல் ஏற்றலாம் என்று இருக்கிறேன். கொடி கட்டப் பழைய புடவை இருக்கிறது.

#15 கொட்டாங்குச்சி

புடலைக்கும் பாகலுக்கும் 20 லிட்டர் பத்தாது, 40-ஆவது வேணும். பூ வரும், பிஞ்சு வெம்பி விழும். அந்த ரெண்டு வாளியில் மிளகாயும் கத்தரியும் வைங்க. கொடிக்கு ஆசை இருந்தால் 200 லிட்டர் நீல டிரம் பாதியாக அறுத்தது பழைய சாமான் கடையில் கேளுங்க, உள்ளே என்ன வந்தது என்று கேட்காமல் வாங்காதீங்க, 'தட்டோடு' (#2) சொன்ன சுவர் ஓரத்திலேயே வைங்க.

புடவை பருத்தியா, பாலியஸ்டரா? பருத்தி என்றால் மழையில் ரெண்டு மாதத்தில் இற்று, காய் கனக்கும் நேரம் பார்த்து அறும். பாலியஸ்டரை ரெண்டு விரல் அகலம் கிழித்து, எட்டு போட்ட மாதிரி தளர்வாகக் கட்டுங்க.